தாலி கட்டினால் போதாதா?

செந்தூல்காரன்: தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனோம். "பதிவு முடிஞ்சதா?" என்று அச்சகக்காரரே கேட்கிறார்! சாமி சாட்சியாகத் தாலி ஏறினால் கல்யாணம். குடும்பத்துக்கும் சாமிக்கும் நடுவில் அரசாங்கம் எதற்கு?

பினாங்குப் பெரியம்மா: அது வந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷமாச்சு அண்ணே. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் எங்கள் தாத்தாவுக்கு இரண்டு வீடு, ஒரே தோட்ட லயத்தில். சாமி இரண்டுக்குமே சாட்சி! முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று கட்டாயமாக்கியது அந்தச் சட்டம்தான்.

செந்தூல்காரன்: நம்ம ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி அம்மாவும் பதிவுத் திருமணம் செய்தவர்தானே? 2009இல் கணவர் இஸ்லாத்துக்கு மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றினார். பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது 2018 ஜனவரியில். ஒன்பது வருஷம். அந்தத் தாள் என்ன கிழித்தது?

பினாங்குப் பெரியம்மா: அந்தச் சண்டையில் நானும் உங்கள் பக்கம்தான். என் கதையே வேறு. அக்கா மகன் திருச்சியில் பெண் எடுத்தான். இங்கே கோயிலில் தாலி, எழுநூறு பேருக்குச் சாப்பாடு. பதிவை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டார்கள். பிள்ளை பிறந்தது. பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா', குடிமகன் இல்லையாம். பதிவில்லாத தம்பதியின் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். பிறகு ஓடிப்போய்ப் பதிந்தும் பயனில்லை. இப்போது பள்ளியில் சேர்க்கக் கோப்பும் கையுமாக அலைகிறான்.

செந்தூல்காரன்: அப்பன் கையில் குடிமகனுக்கான நீல ஐசி (அடையாள அட்டை), பிள்ளை அந்நியனா? தப்பு தாலியிலா, சட்டத்திலா? 2021இல் இதே மாதிரி ஒரு வழக்கு. மலேசிய அப்பா, பிலிப்பைன்ஸ் அம்மா, பிள்ளை அங்கே பிறந்த பிறகு கல்யாணம். ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் குடியுரிமை இல்லை என்றார்கள். ஒருவர் மாறியிருந்தால் தீர்ப்பே மாறியிருக்கும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நின்று கும்பிடு போடுகிற தலைவர்களிடம் இதைக் கேளுங்கள், அக்கா மகனைத் திட்டாதீர்கள்.

பினாங்குப் பெரியம்மா: கேட்பேன். சட்டம் மாறும்வரை அடுத்த பிள்ளை பிறக்காமல் காத்திருக்குமா?

பிரிக்பீல்ட்ஸ் பந்தல்: நான் கோயில் நிர்வாகத்தில் இருப்பவன். ஏன் சண்டை? சில கோயில்களில் உதவிப் பதிவாளரே இருக்கிறார். முன்கூட்டி மனு, 21 நாள் அறிவிப்பு, அவ்வளவுதான். எங்களிடம் மணவறைக்குப் பக்கத்திலேயே மேசை. போன மாதம் ஒரு மாப்பிள்ளை அட்சதை ஒட்டிய கையோடு கையெழுத்துப் போட்டார். பாரத்தில் மஞ்சளாக விரல் ரேகை. பதிவாளர் ஊதித் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

செந்தூல்காரன்: எங்கள் முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. அந்நேரத்துக்கு ஆள் வருவாரா? என் கருத்து மாறவில்லை. விசாரிக்கிறேன், அவ்வளவுதான்.