சிரிப்புக் கோட்டுக்கு ஃபில்லர் ஊசி: மகளின் திருமணத்துக்கு முன் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி (மதுரை வாசகி):
எனக்கு வயது 53. மூக்கின் ஓரத்திலிருந்து வாயின் முனை வரை இறங்கும் கோடுகள் இரண்டும் மூன்று ஆண்டுகளில் மிகவும் ஆழமாகிவிட்டன. பவுடர் பூசினால் அது அந்தப் பள்ளத்தில் போய்த் தங்கி, சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோலத் தெரிகிறது. தை மாதம் மகளுக்குத் திருமணம். நான் வழக்கமாகச் செல்லும் அழகு நிலையத்தில், "ஃபில்லர் போட்டால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும், அதுவும் போடோக்ஸ் மாதிரிதான்" என்கிறார்கள். மருத்துவரிடம் ஆகும் செலவில் பாதிதான் கேட்கிறார்கள். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு "வெளிநாட்டு மருந்து" என்பதற்கு மேல் பதில் இல்லை. இதயத்துக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (தோல் மருத்துவர், கோயம்புத்தூர்):
அம்மா, மருந்தின் பெயரைக் கேட்டீர்களே, அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத இடத்தில் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

போடோக்ஸ் தசையைத் தளர்த்துவது; புருவங்களுக்கு இடையே முகம் சுளிப்பதால் விழும் கோடுகளுக்கு உதவும். ஃபில்லர், குறைந்துபோன கனத்தை நிரப்புவது. உங்கள் கோடுகள் ஆழமானதற்குக் கன்னத்தின் கொழுப்பு வற்றிச் சரிந்ததும் ஒரு காரணம் என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் பல வேளைகளில் கோட்டைவிடக் கன்னத்தில்தான் முதலில் நிரப்புவார்.

முன்பு மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தை ஃபில்லராகப் போட்டார்கள்; ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே கையில் சோதனை ஊசி போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 2003-இல் அமெரிக்காவில் ரெஸ்டிலேன் என்னும் ஃபில்லருக்கு அனுமதி கிடைத்த பிறகு, அதைப்போல நம் தோலிலேயே இயல்பாக உள்ள ஹையலுரோனிக் அமிலத்தால் ஆன ஜெல் பரவலாயிற்று. ஏறக்குறைய 6 முதல் 18 மாதங்களில் அது கரையும். தவறாகப் போய்விட்டாலும் ஹையலுரோனிடேஸ் என்னும் நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். சிலிக்கோன் போன்றவற்றுக்கு அப்படி மாற்று மருந்து எதுவும் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சொல்லும் கோட்டை ஒட்டியே முகத் தமனி மேலேறி, மூக்கின் ஓரமாகச் சென்று, கண்ணுக்கு இரத்தம் கொடுக்கும் நாளங்களோடு இணைகிறது. ஜெல் தவறி அதற்குள் போனால் தோல் சட்டென்று வெளுக்கும், கடுமையாக வலிக்கும், பிறகு வலை பின்னியதுபோல ஊதாத் திட்டுகள் தோன்றும். அடைப்பு நீங்காவிட்டால் அந்த இடம் அழுகிவிடும். அரிதாகப் பார்வையே போய்விடுகிறது, பெரும்பாலும் அது திரும்புவதில்லை. கைதேர்ந்த மருத்துவருக்கும் இது நேரலாம். ஆனால் அவர் அந்த வெளுப்பை உடனே அடையாளம் கண்டுகொள்வார், நொதியும் அதே அறையில் இருக்கும். நீங்கள் கொடுக்கும் கட்டணம் இதற்கும் சேர்த்துத்தான்.

ஆஸ்பிரினால் கன்றிப்போவது சற்றுக் கூடலாம். அதற்காக இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. எதுவானாலும் திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

மறுமொழி (சென்னை வாசகி):
நான் இரண்டு முறை போட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் முறை மருத்துவர் என்னை நிமிர்ந்து உட்காரவைத்து, வெள்ளைப் பென்சிலால் குறியிட்டு, கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்தால் கன்னம் காதுப் பக்கம் விலகி, கோடு மறைந்துவிடுமாம். முத்திரை உடையாத பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளில் ஒன்றைக் கோப்பில் ஒட்டிவிட்டு, மற்றொன்றை என்னிடம் தந்தார். நான்கு நாள் வீக்கம் இருந்தது, ஒரு பக்கம் கன்றியது ஒன்பது நாளில் மறைந்தது.

இரண்டாம் முறை செலவு குறைவு என்று வேறோர் இடத்தில் கண்ணுக்குக் கீழே போட்டுக்கொண்டேன். அங்கே தோல் மிக மெல்லியது என்பதால், மேலோட்டமாகப் போட்ட ஜெல் நீலமாகத் தெரிந்தது. எவ்வளவு பூசினாலும் மறையவில்லை. ஏழு மாதம் கழித்து முதல் மருத்துவரிடமே சென்று கரைத்துக்கொண்டேன். அக்கா, நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அழகு நிலையத்தில் பெட்டியைக் காட்டச் சொன்னேன். பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்துக் காட்டினார்கள். கரைக்கும் நொதி இருக்கிறதா என்றேன். "இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை" என்றார்கள். வேண்டாமென்று வந்துவிட்டேன். தோல் மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை பாதியில் நிற்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி (தோல் மருத்துவர், கோயம்புத்தூர்):
பல்லை முதலில் முடியுங்கள் அம்மா. பல் சிகிச்சையின்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் ஜெல்லில் போய்த் தங்கினால் பிறகு கட்டியாகத் திரளக்கூடும். பல் ஆறிய பின் இரண்டு வாரம் விட்டுப் போட்டுக்கொள்ளலாம். தேனீ கொட்டி எப்போதாவது உடம்பெல்லாம் தடித்திருந்தால் அதையும் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேனீயின் நஞ்சிலும் ஹையலுரோனிடேஸ் உண்டு என்பதால், கரைக்க நேர்ந்தால் அவர் அதற்கேற்ற முன்னேற்பாட்டோடு இருப்பார்.