வாஷிங்டன் விடுவிக்க முடியாத 153 பேர்: கஸ்டிஸ் சொத்தின் பாகப்பிரிவினை

கேள்வி

வணக்கம். ஜார்ஜ் வாஷிங்டன் 1799 ஜூலையில் எழுதிய உயிலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தமக்குச் சொந்தமான அடிமைகள் அனைவரும் மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆண்டு அவருடைய பண்ணைத் தோட்டமான மவுண்ட் வெர்னானில் இருந்த 317 அடிமைகளில் 123 பேருக்குத்தான் அந்த வாசகம் பொருந்தியது. 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் வழிவந்த சொத்து என்பதால் அவர்கள் மீது அவருக்கு அந்த உரிமை இல்லையாம். எஞ்சியோர் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். நாற்பது ஆண்டுகள் தம் கண்முன்னே வேலை வாங்கியவர்களை அவரால் விடுவிக்க முடியாமல் போனது உண்மையான சட்டத் தடையாலா, அல்லது அது வெறும் சாக்கா? அந்தச் சொத்து பிரிந்த முறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

இதற்கு 1757க்குப் போக வேண்டும். மார்த்தாவின் முதல் கணவரும் வர்ஜீனியாவின் பெரும் புகையிலைத் தோட்டக்காரர்களில் ஒருவருமான டேனியல் பார்க் கஸ்டிஸ் அந்த ஜூலையில் உயில் எழுதாமலே இறந்தார். 17,500 ஏக்கருக்கும் அதிகமான நிலம், ஏறத்தாழ 300 அடிமைகள், 26 வயது மனைவி, மூன்று வயதைக்கூட எட்டாத இரு குழந்தைகள் – அவர் விட்டுச் சென்றவை இவை. உயில் இல்லாததால் பங்கீட்டைச் சட்டமே முடிவு செய்தது. பணம், கால்நடை, பாத்திரம் முதலான அசையும் சொத்து தாய், மகன், மகள் மூவருக்கும் சமமாகப் பிரிந்தது. நிலம் மூத்த மகனுக்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கைம்பெண் தம் ஆயுள் வரை அனுபவிக்கலாம்.

இனித்தான் முக்கியமான இடம் வருகிறது. வர்ஜீனியாவின் 1705ஆம் ஆண்டுச் சட்டம், வாரிசுரிமையைப் பொறுத்தவரை அடிமைகளை நிலத்தோடு சேர்த்து அசையாச் சொத்து என்று வகுத்திருந்தது. ஆகவே மார்த்தாவின் பங்காக வந்த எண்பதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் அவருக்கு முழு உரிமையோடு வரவில்லை. நம் பத்திரங்களில் ‘ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியதை இல்லை’ என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அந்த நிலைதான். 1759 ஜனவரியில் வாஷிங்டன் மார்த்தாவை மணந்தபோது இந்த ஆயுள் உரிமையின் நிர்வாகம்தான் அவர் கைக்கு வந்தது. பிள்ளைகளின் பங்கையும் காப்பாளராக அவரே கவனித்து, ஆண்டுதோறும் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டினார். எனவே தடை உண்மையானது. ஆயினும் அந்தச் சொத்தால் அவர் அடைந்த பயனையும் மறைக்கக் கூடாது. 1773இல் மார்த்தாவின் மகள் பதினேழு வயதில் வலிப்பு நோயால் இறந்தபோது, அவருடைய ஏறத்தாழ 16,000 பவுன் பங்கில் பாதி தாய் வழியாக வாஷிங்டனிடம் வந்தது. லண்டன் வணிகருக்கு இருந்த கடனை அடைக்க அது உதவியது.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பங்கு பிரித்த காகிதத்தில் இரு பகுதிகளாக நின்றவர்கள் வாழ்க்கையில் அப்படி நிற்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் ஒருவரையொருவர் மணந்து பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். தாய் யாருடைய உடைமையோ பிள்ளையும் அவருடைய உடைமை என்பது வர்ஜீனியாவில் 1662 முதல் இருந்த விதி. உயில் எழுதிய ஆண்டிலேயே வாஷிங்டன் ஒரு பட்டியலும் தயாரித்தார். தம்முடையவர்கள் ஒரு பக்கம், மனைவியின் பங்குக்குரியவர்கள் ஒரு பக்கம், ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயதும், கணவனோ மனைவியோ யாருக்கு உரியவர், எந்தப் பண்ணையில் இருக்கிறார் என்ற குறிப்பும் இருக்கும். தச்சர் ஐசக்கின் பெயர் வாஷிங்டன் பக்கத்தில். பால்பண்ணையில் வேலை செய்த அவர் மனைவி கிட்டியும் ஒன்பது மகள்களும் மற்றப் பக்கத்தில். அந்தப் பட்டியலைப் படித்த நாளில் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

1801 ஜனவரி 1 அன்று மார்த்தா, தம் இறப்புவரை காத்திராமல், வாஷிங்டனின் அடிமைகளை விடுவித்தார். ஐசக் விடுதலையானார், கிட்டி ஆகவில்லை. 1802 மே மாதம் மார்த்தா இறந்ததும் அவருடைய ஆயுள் உரிமை முடிந்தது. மகன் ஜான் 1781இலேயே இறந்துவிட்டதால், அம்மனிதர்கள் அவருடைய நான்கு பிள்ளைகளுக்கும் பங்கு போடப்பட்டார்கள். நான்கு வாரிசுகள் என்றால் நான்கு வீடுகள். ஒரே தாயின் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளுக்குப் போனார்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வாரிசுகளுக்கு ஈடு கொடுத்து அவர்களை மீட்டிருக்க முடியாதா?

பதில் 1

சட்டப்படி அது ஒன்றே வழி. 1782க்குப் பிறகு வர்ஜீனியாவில் உரிமையாளர் தாமாகவே அடிமையை விடுவிக்க இடமிருந்தது. ஆனால் ஆயுள் உரிமை மட்டும் கொண்டவர் அப்படிச் செய்தால், அடுத்த வாரிசுகளுக்கு முழு மதிப்பையும் ஈடுகட்ட வேண்டும். 1790களில் மேற்கு நிலங்களை விற்று, பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட வாஷிங்டன் முயன்றார், அது கைகூடவில்லை. தம்முடையவர்களும் மனைவியின் பங்கினரும் மணவுறவால் கலந்திருப்பதால், ஒரு பகுதியை மட்டும் உடனே விடுவிப்பது கொடிய வேதனையைத் தரும் என்று உயிலிலேயே எழுதியிருக்கிறார். அவ்வளவு தெரிந்தவர் ஐம்பது வயதிலேயே ஈட்டுத்தொகையைச் சேர்க்கத் தொடங்கியிருந்தால் எத்தனை குடும்பங்கள் ஒன்றாக இருந்திருக்கும் என்ற கேள்வியை நான் அவருக்காகத் தள்ளிவிடத் தயாராக இல்லை.

பதில் 3

காத்திராமல் போனவர்களும் உண்டு. மார்த்தாவின் பங்கைச் சேர்ந்த ஓனா ஜட்ஜ், தம்மை மார்த்தாவின் பேத்தி ஒருத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்து, 1796 மே மாதம் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சென்றார். சமையற்காரர் ஹெர்குலிஸ், 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்த நாளன்று தப்பிச் சென்றார். அவர் வாஷிங்டனின் உடைமை, ஆகவே 1801இல் சட்டப்படியும் விடுதலையானார். மனைவி கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. அவர் போன சில வாரங்களில் மவுண்ட் வெர்னான் வந்த பிரெஞ்சு விருந்தினரின் பணியாள், அப்பாவை இனிப் பார்க்க முடியாதே என்று வருத்தமா என ஹெர்குலிஸின் சிறு மகளிடம் கேட்டார். இல்லை, அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார், எனக்கு மிகவும் மகிழ்ச்சி என்று அவள் சொன்னதை விருந்தினர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.