பாஸ்வேர்டு கன்ஃபர்மேஷன் நில்லாக (nil, அதாவது மதிப்பே இல்லாமல்) வந்தால்?

வரிப்புலி:
"டேட்டாபேஸ் டேபிளில் காலம் (column) இல்லாத ஃபீல்டுக்கு மாடலில் வேலிடேஷன் (சரிபார்ப்பு) எதற்கு, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும்" என்று பழையகை நேற்று எழுதியிருக்கிறார். ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) புதிதாகக் கற்பவர்கள் இதை நம்பிவிடுவார்களே என்றுதான் எரிச்சல். பிரவுசரே இல்லாமல் கர்ல் (கமாண்ட் லைனிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி) வைத்து எவரும் போஸ்ட் அனுப்பலாம். அப்போது உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எங்கே ஓடும்? டேபிளில் இல்லாத ஃபீல்டை மாடலில் வைக்க அட்டர் அக்சஸர் ஒரு வரி, அதைச் சரிபார்க்க வேலிடேட்ஸ் ஒரு வரி. வேலை முடிந்தது.

பழையகை:
முடியவில்லை. பாஸ்வேர்டு கன்ஃபர்மேஷன் நில்லாக இருந்தால், இரண்டு பாஸ்வேர்டும் ஒன்றா என்று பார்க்கும் கன்ஃபர்மேஷன் வேலிடேஷன் ஓடவே ஓடாது. கர்ல்காரர் அந்த ஃபீல்டையே விட்டுவிட்டால் ரெக்கார்டு சேவ் ஆகிவிடும்.

வரிப்புலி:
அதனால்தான் பிரசன்ஸும் (காலியாக இருக்கக்கூடாது என்ற வேலிடேஷன்) சேர்த்துப் போடு என்று ரெயில்ஸ் கைடு அதே இடத்தில் சொல்கிறது. பாதிப் பக்கம் படித்துவிட்டு வாதாட வரக்கூடாது.

பழையகை:
பிரசன்ஸ் போட்டால், பெயரை மட்டும் மாற்றும் எடிட் பக்கமும் சேவ் ஆகாது, அங்கே கன்ஃபர்மேஷன் வராதே. நில் என்றால் ஓடாது. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வரிப்புலி:
பாஸ்வேர்டு வந்தால் மட்டும் என்று ஒரு இஃப் போடத் தெரியாதா? நில் என்றால் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்று அர்த்தம். விதிமுறை செக்பாக்ஸுக்கு அக்சப்டன்ஸ் (டிக் செய்தாரா என்று பார்க்கும் வேலிடேஷன்) போடுகிறோமே, அதுவும் நில்லை விட்டுவிடும். அதனால்தான் பழைய யூசர்களின் ரெக்கார்டு தடையில்லாமல் சேவ் ஆகிறது. டிக் செய்யாமல் அனுப்பினால் ஃபார்ம் ஹெல்ப்பர் வைத்த ஹிடன் ஃபீல்டு 0 என்று அனுப்பும், அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

பழையகை:
கர்லில் அந்த ஹிடன் ஃபீல்டை யார் அனுப்புவார்? மறுபடியும் நில்!

தனிக்கிளாஸ்:
இரண்டு பேருமே மாடலைக் குப்பையாக்குகிறீர்கள். ரெயில்ஸ் 4 வந்த 2013-இலிருந்தே ஆக்டிவ்மாடல் மாடல் (டேபிள் இல்லாத கிளாஸுக்கும் வேலிடேஷன் தரும் மாட்யூல்) இருக்கிறது. பதிவுக்கென்று அதை இன்க்ளூட் செய்த ஒரு கிளாஸ் எழுதி, பிரசன்ஸை அங்கே போடுங்கள். எடிட் பக்கத்தைத் தொடாது. பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் ஃபார்ம் எப்போதுமே தனிதான், க்ளீன் மெத்தடில் இரண்டு ஃபீல்டையும் ஒப்பிட்டால் போதும்.

வரிப்புலி:
வந்துவிட்டது ஜாங்கோ! ஒரு செக்பாக்ஸுக்குத் தனி கிளாஸா?

பழையகைக்கு: அக்சப்டன்ஸில் அலவ் நில் ஃபால்ஸ் (நில்லை விடாதே), கூடவே ஆன் கிரியேட் (புதிதாகப் பதியும்போது மட்டும்). கர்லும் தப்பாது, பழைய யூசரும் தடுக்கப்பட மாட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழையகை:
நீங்களாகச் சொன்னால்தான் ஓடும், சொல்லாவிட்டால் நில்லுக்கு ஓடாது. நான் முதலிலிருந்து சொல்வது அதுதான்.

வரிப்புலி:
நீங்கள் முதலில் சொன்னது ஜாவாஸ்கிரிப்ட் போதும் என்று. மேலே போய்ப் படியுங்கள்.