ஹெய்லி ஸ்டைன்ஃபெல்ட்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

அமெரிக்க நடிகை ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டை 'ஹாக்ஐ' (2021) தொடரில் தொடங்கினால் இவருடைய பலம் பிடிபடாது. 'ட்ரூ கிரிட்' (2010) படத்தில் தொடங்குங்கள். கோயன் சகோதரர்கள் இயக்கிய படம்; அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் 14 வயதுப் பெண்ணின் கதை. சுமார் 15,000 பேர் விண்ணப்பித்த வேடம்; படப்பிடிப்பின்போது ஹெய்லிக்கு 13 வயது. இதே கதை 1969-இல் படமாக வந்தபோது அந்தப் பெண்ணாக நடித்த கிம் டார்பிக்கு அப்போது 21. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் முகத்திலேயே தெரியும்.

குதிரை வியாபாரியோடு பேரம் பேசும் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். அப்பாவின் களவுபோன குதிரைக்கு 200, மட்டக்குதிரைகளுக்கு 100, கொலைகாரன் விட்டுப்போன சாம்பல் குதிரைக்கு 25, ஆக 325 டாலர் என்று அடுக்குவாள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் சுருக்கிச் சொல்வதையெல்லாம் வசனத்தில் பெரும்பாலும் விரித்தே சொல்கிறார்கள். நம் சந்தையில் ஒரு சிறுமி இலக்கணத் தமிழில் மாட்டுக்கு விலை பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பிசகினாலும் மனப்பாடம் ஒப்பிப்பதாகிவிடும். இவர் குரலை உயர்த்தாமலே வியாபாரியைச் சோர்ந்துபோக வைக்கிறார்.

*

மேலே சொன்னதோடு ஒன்று. 13 வயதுக் குழந்தையை நாள் முழுக்க நடிக்க வைக்க முடியாது. கலிபோர்னியா விதிப்படி 9 முதல் 15 வயதுவரை, பள்ளி நாளில் செட்டில் இருக்கலாம் என்பது 9 மணி நேரம். அதில் நடிப்பு 5, படிப்பு 3, ஓய்வு 1. அதனால்தான் இருவர் பேசும் காட்சியில் பொதுவாகக் குழந்தையின் குளோசப்பை முதலில் எடுத்து அனுப்பிவிடுவார்கள். எதிரில் இருப்பவரின் ஷாட்டுக்கு வேறொருவர் வசனம் படிப்பார்.

சம்பளத்திலும் கண்டிஷன் உண்டு. மொத்தத் தொகையில் 15 சதவீதம், குழந்தைக்காகச் சேர்த்து வைக்கும் 'கூகன்' கணக்குக்குப் போயாக வேண்டும். 18 வயதுவரை பெற்றோரும் தொட முடியாது. கமிஷன், வரி கழித்த மிச்சத்தில் 15 என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். கணக்கு எண் கொடுக்காமல் விட்டால் பணம் நடிகர் நல நிதியில் போய்க் கேட்பாரற்றுக் கிடக்கும். சாப்ளினின் 'தி கிட்' (1921) பையன் ஜாக்கி கூகன் சம்பாதித்ததைத் தாயும் வளர்ப்புத் தந்தையும் செலவழித்துவிட, 1938-இல் அவர் வழக்குப் போட்டார். அதையொட்டி 1939-இல் வந்த சட்டம் இது.

*

'ட்ரூ கிரிட்' படத்தின் ஆஸ்கர் விஷயமும் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் இருக்கிற பெண்ணைத் 'துணை நடிகை' பிரிவில் நிறுத்தினார்கள். எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது ஓட்டுப் போடுகிற உறுப்பினர்கள்தான். ஆனால் ஸ்டூடியோ எந்தப் பிரிவில் விளம்பரம் செய்கிறதோ, ஓட்டும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும். பிரிட்டனின் பாஃப்டாவில் இதே நடிப்பு கதாநாயகிப் பிரிவில் இடம்பிடித்தது. ஆஸ்கரில் படத்துக்கு 10 பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. துணை நடிகை விருது 'தி ஃபைட்டர்' படத்துக்காக மெலிசா லியோவுக்குப் போனது. கதாநாயகிப் பிரிவில் நின்றிருந்தால் எதிரே அந்த விருதை வென்ற நேட்டலி போர்ட்மேன், ஆக ஸ்டூடியோவின் கணக்கையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது.

*

அடுத்து 'தி எட்ஜ் ஆஃப் செவன்டீன்' (2016). எரிச்சலூட்டும் பெண்ணாக நடித்தே நம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' அவசரமில்லை. 'ஆர்கேன்' அனிமேஷன் தொடரில் வை பாத்திரத்துக்குக் குரல் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் என்று தெரியும்.

'சின்னர்ஸ்' (2025) பார்ப்பதற்கு முன் ஒரு தகவல். ஹெய்லியின் தாய்வழித் தாத்தா, பிலிப்பினோ–கறுப்பின வம்சாவளி. படத்தில் 1932-இன் மிசிசிப்பியில் வெள்ளைக்காரியாகவே வெளியே நடமாடும் மேரியாக வருகிறார். மேரியின் தாத்தாவும் கலப்பு வம்சம்தான். இதைத் தெரிந்துகொண்டு ரயில் நிலையக் காட்சியைப் பாருங்கள்.