வாவிக்கு மேல் நான் வரைந்த பாதையை யாரோ அழித்துவிட்டார்கள்

துறையடி வாத்தியார்:

வணக்கம். நான் இருப்பது களுவாஞ்சிகுடியில், படிப்பிப்பது மண்டூர்ப் பக்கத்தில். காலையில் மட்டக்களப்பு வாவிக் கரையில் இருக்கிற குருமண்வெளித் துறையடிக்குப் போய், மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கிப் பள்ளிக்கூடம் போவேன். பின்னேரம் அதே பாதையில் திரும்பி வருவேன். பதினொரு வருடமாக இதுதான்.

போன தவணை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கணித ஆசிரியை மாற்றலாகி வந்தார். முதல் நாள் போனைப் பார்த்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தவர், பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, போரதீவு, வெல்லாவெளி எல்லாம் சுற்றி, முதலாம் பாடம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். "ஏன் டீச்சர், பாதையால் வந்திருக்கலாமே?" என்று கேட்டேன். "பாதையாலதானே சேர் வந்தனான்" என்றார். ஒரு நிமிடம் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் சிரித்துவிட்டு விட்டோம்.

அன்று இரவே, யாரும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் திறந்தேன். லப்டொப்பில், அதில் வரைவதற்கான ஐடி எடிட்டரைத் தமிழுக்கு மாற்றி, குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்த் துறை வரைக்கும் வாவிக்கு மேலால் ஒரு கோடு இழுத்தேன். என்ன வகை என்று கேட்டது. "பாதை" என்று தேடினேன், முதலில் வந்ததை அமத்தினேன். பெயர்: "குருமண்வெளி – மண்டூர் பாதை". சேமித்தேன். அடுத்த நாள் வரைபடத்தில் வந்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடக் காட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இல்லை. மாற்றத்தின் குறிப்பில் "நீர்ப்பரப்பின் மேல் தவறாக வரையப்பட்ட பாதை நீக்கம்" என்று இருக்கிறது. அழித்தவர் இலங்கையில் இருப்பவர் மாதிரியும் தெரியவில்லை. பதினொரு வருடமாக நான் எதில் போய் வருகிறேன் என்று அவர் நினைக்கிறார்?

திருப்பிப் போடலாமா? போட்டால் திருப்பி அழிப்பார்களா? இதில் யாருடைய சொல் செல்லும்?

நொய்யல்:

சார், அழிச்சது நான்தான். கோயம்புத்தூர்ல இருக்கேன்.

முதலில் மன்னிப்பு. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாலம் என்ற குறிப்பு இல்லாமல் ஏரி, குளம், காயல் மேல் போகும் சாலைகளை ஓவர்பாஸ் டர்போ என்ற வரைபடத் தேடல் கருவியில் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகத் திருத்துவது என் வழக்கம். பெரும்பாலும் கை தவறி இழுத்த கோடுகளாகத்தான் இருக்கும். உங்கள் கோடும் அந்தப் பட்டியலில் வந்தது. வகை: ஒற்றையடிப் பாதை. பெயரிலும் "பாதை". செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வெறும் தண்ணீர். புதிதாகச் சேர்ந்தவர் பழகிப் பார்த்திருக்கிறார் என்று எடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது என் தப்பு.

ஆனால் இப்போதும் எனக்குப் புரியவில்லை. மோட்டார் சைக்கிளோடு பாதையில் "ஏறி" என்கிறீர்களே. தண்ணீருக்குள் கல் பாவிய வழி ஏதாவது இருக்கிறதா?

படுவான்கரைப் பிள்ளை:

வாசித்துவிட்டுத் தனியாக இருந்து சிரித்தேன். நொய்யல் அண்ணா, மட்டக்களப்பில் "பாதை" என்றால் மிதக்கும். ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். பத்திரிகைக்காரர் கொஞ்சம் மரியாதையாக "இயந்திரப் பாதை" என்று எழுதுவார்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் கொக்கட்டிச்சோலைக்குப் போனதும் பாதையில்தான். வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே இருக்கிற எழுவான்கரைக்கும் மேற்கே இருக்கிற படுவான்கரைக்கும் இடையில் எல்லா இடத்திலும் பாலம் இல்லை.

வாத்தியார் சேர், நீங்கள் கோபிக்கக் கூடாது. கோடு இருக்க வேண்டிய இடம் சரி, அதற்கு நீங்கள் கொடுத்த வகை பிழை. பெயரில் என்ன எழுதினாலும் வழிகாட்டி மென்பொருள் அதை வாசிப்பதில்லை. அது வாசிப்பது, சாவி, மதிப்பு என்று இரண்டு பகுதியாகக் கோட்டோடு ஒட்டியிருக்கும் குறிச்சொல்லை. நீங்கள் தெரிவு செய்த வகைக்குள்ளே "ஹைவே" என்ற சாவிக்கு "பாத்" என்ற மதிப்பு போயிருக்கும். அதன் அர்த்தம் நிலத்தில் நடந்து போகிற ஒற்றையடிப் பாதை. அதனால்தான் கணித டீச்சரின் ஸ்கூட்டிக்கு அது உதவியிருக்காது. அதே நேரம், நடந்து போகிற ஒருவருக்கு, "நேரே போ, இத்தனை நிமிடத்தில் மண்டூர்" என்று நடுச்சாமத்திலும் காட்டியிருக்கும். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து நடந்து வருகிற சனத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வகையில் அண்ணா அழித்தது நல்லதுக்குத்தான். ஆனால் அழித்த கையோடு ஒரு கேள்வியும் போட்டிருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தொகுதிக்குக் கீழேயும் கருத்து எழுத இடம் இருக்கிறதே.

அழிந்த கோட்டை ஜோசம் மென்பொருளில் மீட்கலாம், வரலாறும் அப்படியே இருக்கும். ஆனால் உங்களுடையது பன்னிரண்டு நாள் கோடு, இரண்டு முனை. அதற்காக ஜோசம் படிக்கத் தேவையில்லை. ஐடியிலேயே புதிதாக வரையுங்கள். இந்த முறை தேடும் இடத்தில் "ஃபெரி" என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம், அதை எழுதியவருக்கு எங்கள் துறையடி தெரிந்திருக்காது. தெரிவு செய்த பிறகு, கீழே குறிச்சொல் பட்டியலைத் திறந்து, "ரூட்" என்ற சாவிக்கு எதிரே "ஃபெரி" இருக்கிறதா பாருங்கள். அந்தக் கோட்டில் "ஹைவே" என்று எதுவும் இருக்கவே கூடாது.

அப்புறம் யார் ஏறலாம் என்பது. நடப்பவர், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம் போடலாம். வேறு வாகனம் ஏற்றுவார்களா என்பதைப் பாதைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஏற்றாத வாகனத்துக்கு "இல்லை" என்று போட மறக்க வேண்டாம், ஒன்றும் போடாவிட்டால் சில மென்பொருள்கள் காரையும் ஏற்றிவிடும். ஓடும் நேரத்துக்கு ஒரு சாவி இருக்கிறது. கடக்க எடுக்கும் நேரத்துக்கு "டியூரேஷன்" என்று இன்னொன்று. பத்து நிமிடம் என்றால் 00:10 என்று எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் மென்பொருள் தானாக ஒரு வேகத்தை எடுத்துக்கொள்ளும். ஓஎஸ்ஆர்எம் என்ற வழிகாட்டி மென்பொருள் படகுக்கு எடுப்பது மணிக்கு 5 கிலோமீற்றர். கடிகாரத்தைப் பார்த்து நீங்களே அளந்து போடுங்கள், ஒரு நாள் அளந்தால் போதாது, காற்று நாளில் ஒருமுறையும் அளந்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓடும் நேரத்தைப் போட்டாலும் பல வழிகாட்டிகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரவு பத்து மணிக்கும் துறையடிக்கு அனுப்பும். அதற்காக நேரத்தைப் போடாமல் விடாதீர்கள், வரைபடத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்காவது தெரியும்.

பெயர் "குருமண்வெளி – மண்டூர் பாதை" என்றே இருக்கட்டும். சனம் சொல்கிற பெயர் அதுதான். வெளியூர்க்காரருக்காக ஆங்கிலப் பெயரில் படகுச் சேவை என்று விளங்கும்படி எழுதுங்கள். சிங்களப் பெயர்க் கட்டத்தை, தெரிந்த ஒருவரிடம் கேட்டு நிரப்புங்கள். மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஒட்ட வேண்டாம், அங்கேயும் "பாதை"க்கு இதே கதிதான் நடக்கும்.

துறையடி வாத்தியார்:

தங்கச்சி, மிகவும் நன்றி. நொய்யல் தம்பி, கோபம் எல்லாம் போய்விட்டது. உங்கள் ஊரில் பாதையில் தண்ணீர் இல்லை, எங்கள் ஊரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சொன்ன மாதிரியே செய்தேன். பாதைக்காரரிடம் ஓடும் நேரம் கேட்டேன். "கொம்பியூட்டருக்கு என்னத்துக்கு நம்மட நேரம்?" என்றார். டீச்சரின் கதையைச் சொன்னதும், "ஓ, அந்தப் பிள்ளைதானா வெல்லாவெளியால கிறுகிப் போகுது" என்று அவரே நேரத்தைச் சொன்னார். கடக்கும் நேரத்தை நான்கு தரம் அளந்தேன். காலையில் ஆட்கள் ஏறும் வரைக்கும் காத்து நிற்கிற நேரம்தான் கூட, ஓடுகிற நேரம் குறைவு. காத்து நிற்பதையும் சேர்ப்பதா என்று யோசித்து, சேர்க்காமல் விட்டேன்.

ஆனால் இன்னும் சரிவரவில்லை. சேமித்து மூன்று நாள் ஆகிறது. கோடு புள்ளி புள்ளியாக வாவிக்கு மேல் அழகாகத் தெரிகிறது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு சைக்கிள் வழி கேட்டால் இன்னும் பட்டிருப்புப் பாலத்தைத்தான் காட்டுகிறது. இப்போது என்ன பிழை?

படுவான்கரைப் பிள்ளை:

பார்த்தேன் சேர். குருமண்வெளி முனை சரி, வீதியோடு ஒட்டியிருக்கிறது. மண்டூர் முனைதான் பிரச்சினை. உங்கள் கோடு துறையில் முடிகிறது. முன்பு யாரோ வரைந்த வீதி அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் தொட்ட மாதிரி இருக்கும், நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள், இடையில் வெள்ளை தெரியும். இரண்டு கோட்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இல்லையென்றால், இடைவெளி ஒரு மீற்றர் என்றாலும் மென்பொருளுக்கு அதுவும் வாவிதான். ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தாலும் அப்படித்தான், பொதுப் புள்ளி இல்லாவிட்டால் மேலே பாலம் கீழே வீதி மாதிரி நினைத்துக்கொள்ளும்.

வீதி உண்மையிலேயே துறை வரைக்கும் போகிறதா? போகிறது என்றால் வீதியின் கடைசிப் புள்ளியைப் பிடித்து இழுத்து உங்கள் கோட்டின் முனைமேல் விடுங்கள். ஒட்டிக்கொள்ளும். கோட்டை வீதிக்கு இழுக்காதீர்கள், பாதை தரையில் ஏறிவிடும்!

துறையடி வாத்தியார்:

கடைசி வரைக்கும் கொங்கிரீட் வீதிதான், அதில்தான் தினமும் இறங்குகிறேன். இழுத்து ஒட்டிவிட்டேன். நாளை பார்க்கிறேன்.

காரைதீவான்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் காரைதீவு – மாவடிப்பள்ளித் தாம்போதிக்கு (தாழ்வான தரைப்பாலத்துக்கு) மேலால் மாரியில் வெள்ளம் பாயும். அந்த நாட்களில் வீதியை அழித்துவிட்டு, தண்ணீர் வற்றியதும் திருப்பிப் போடலாமா? யாரும் அந்தப் பக்கம் போய் மாட்டக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

படுவான்கரைப் பிள்ளை:

வேண்டாம் அண்ணன். ஓஸ்மாண்ட், ஓர்கானிக் மேப்ஸ் மாதிரி வரைபடச் செயலிகள் பாவிப்பவர்கள் வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் இன்று அழித்தது அவர்களுக்கு இன்று போய்ச் சேராது. வெள்ளம் வற்றிய பிறகு போய்ச் சேரும், அப்புறம் நல்ல வெயிலில் வீதி இல்லாமல் நிற்பார்கள். வீதி இருக்கட்டும். வெள்ளம் மூடுகிற துண்டை மட்டும் பிரித்து, "வெள்ளம் வரக்கூடிய இடம்" என்று குறிக்கும் குறிச்சொல் இருக்கிறது, "ஃப்ளட் ப்ரோன்", அதற்கு ஆம் போடுங்கள். வெள்ளம் பாயும் அன்றைக்கு வரைபடத்தைப் பார்த்துப் புறப்படவே கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள், அல்லது அந்தச் சந்தியில் கடை வைத்திருப்பவருக்கு எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை கூட.

துறையடி வாத்தியார்:

வேலை செய்கிறது! குருமண்வெளியிலிருந்து நேரே வாவிக்கு மேலால் காட்டுகிறது. டீச்சரின் போனிலும் வரைபடத்தைப் புதுப்பித்துக் கொடுத்தேன். இன்று காலை அதைப் பார்த்துக்கொண்டே துறையடிக்கு வந்தார். பாதை அக்கரையில் நின்றது. அது திரும்பி வந்து, ஆட்களை ஏற்றி, புறப்படும் வரைக்கும் நின்றதில் மறுபடியும் பிந்திவிட்டார். அதிபர் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நொய்யல்:

சார், என் பட்டியலில் அடுத்ததாக, கொஞ்சம் வடக்கே, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு தண்ணீர் மேல் ஒரு கோடு வந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதை என்று வகை, பெயர் எதுவும் இல்லை. இந்த முறை அழிக்காமல் கேட்கிறேன். இதுவும் மிதக்கிற பாதையா?

துறையடி வாத்தியார்:

மிதக்கிறதுதான் தம்பி. வகையை நான் மாற்றுகிறேன், சனிக்கிழமை நேரே போய்ப் பார்த்து, நேரமும் அளந்துகொண்டு வந்து. அதுவரைக்கும் கை வைக்காதீர்கள்.