புதுப்பிப்பு: பெரியப்பா உயில் செல்லும்னு கோர்ட் ஏத்துக்கற வேலை (புரோபேட்) ஒருவழியா முடிஞ்சது

போன தடவை கேட்டிருந்தேன்ல, டெக்சாஸ்ல பெரியப்பா தவறிட்டாரு, உயில்ல ரெண்டு சாட்சி கையெழுத்து இருக்கு ஆனா நோட்டரி முன்னாடி போடற அஃபிடவிட் இல்ல, என்ன பண்றதுன்னு. அந்த ஒரு தாள் இருந்திருந்தா சாட்சியே வர வேண்டாமாம், இல்லாததால ஒருத்தராவது கோர்ட்ல வந்து சொல்லணும்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஒரு சாட்சி உயிரோட இல்ல, இன்னொருத்தர் பழைய பக்கத்து வீட்டுக்காரர், பாவம் வாக்கர் பிடிச்சு மெதுவா நடந்து வந்து, ஆமா என் கண்ணு முன்னாடிதான் கையெழுத்து போட்டாருன்னு சொன்னாரு, மொத்தமே பத்து நிமிஷம் (இதுக்கா ராத்திரி பூரா தூங்கல!).

அன்னைக்கே நான் உறுதிமொழி எடுத்து லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி, அதாவது உயில் படி சொத்து விஷயத்தை நான் கவனிக்கலாம்னு கோர்ட் குடுக்கற தாள், வாங்கியாச்சு. அஞ்சு காப்பி வாங்கினேன், கொஞ்ச நாள் கழிச்சு ஒரு பேங்க்ல போய் நின்னா 60 நாளுக்குள்ள தேதி போட்டதுதான் வேணும்னு திருப்பிட்டாங்க, அதனால மொத்தமா வாங்கி வெச்சுக்காதீங்க. 401 கே-ல (வேலை மூலமா சேர்ற ரிட்டையர்மென்ட் சேமிப்பு) பெரியம்மா பேரு நாமினியா இருந்துச்சு, அதனால அது கோர்ட்டுக்கே வரல.

இனி கோர்ட்டுக்கு சொத்து லிஸ்ட் குடுக்கணும், 90 நாள் டைம். கராஜ்ல கிடக்கற துருப்பிடிச்ச ஸ்பேனருக்கெல்லாம் என்ன விலை போடறதுன்னு உக்காந்து பாத்துட்டு இருக்கேன்.