பேட்டரி காலையில் செல்ஃப் எடுக்கவில்லை: சார்ஜ் போட்டால் தேறுமா, புதுசு வாங்கணுமா?

கோவை_பெட்ரோல்
பெட்ரோல் ஹேட்ச்பேக், ஸ்டார்ட்-ஸ்டாப் கிடையாது. பேட்டரி மாடல் 38பி20எல், 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு), வயது மூன்றரை வருஷம். மேலே மூடி திறக்கிற வகை. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, சில சமயம் டக் டக் சத்தம் மட்டும்தான். காலையில் மல்டிமீட்டரில் 12.1 வோல்ட். வண்டி ஓடும்போது டெர்மினலில் 14.2. பேட்டரி கடையில் ஆசிட் மாற்றி ரீகண்டிஷன் செய்து தருவதாகச் சொல்கிறார்கள், புதுசின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகுமாம். செய்யலாமா?

செல்ஃப்_மோட்டார்
செய்யாதீங்க சார். பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கிற கருவி) நல்ல ரீடிங் காட்டும், ஏனென்றால் அது ஆசிட்டை மட்டும்தான் அளக்கிறது. தட்டில் இறுகிப்போன சல்பேட் அங்கேயேதான் இருக்கும். நம் ஊர் வெயிலில் பாசிட்டிவ் தட்டின் ஈயச் சட்டம் அரித்து, அதிலிருக்கும் பொருள் உதிர்ந்து அடியில் படியும். அதை எந்தத் திரவமும் திரும்ப ஒட்டவைக்காது. ஆசிட் கூடினால் அரிப்பு இன்னும் வேகமாகும். எப்சம் உப்பு போடுவதும் இதே கதைதான்.

மூன்றரை வருஷம் என்றால் வேலை முடிந்தது. மாற்றிவிடுங்க.

கிராவிட்டி_1265
ரீகண்டிஷன் வேண்டாம் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அளக்காமல் மாற்றச் சொல்வது சரியில்லை. 14.2 வருகிறது என்றால் ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) நன்றாக இருக்கிறது. மிச்சம் மூன்று சந்தேகம்: பேட்டரி வெறுமனே இறங்கியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஆறு செல்லில் (தனித்தனி அறை) ஒன்று போய்விட்டது, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ கரண்டைக் குடிக்கிறது. மூன்றாவதாக இருந்தால் புது பேட்டரியும் சில மாதத்தில் இதே நிலைக்கு வரும்.

முதலில் டெர்மினல். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவுங்க, கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது. பிறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து இறுக்குங்க. இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதன் மேல் மாட்டிய க்ளாம்பிலும் வையுங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு இணைப்பில்.

அடுத்து சார்ஜ். வண்டியை ஓட்டி ஏற்ற நினைக்காதீங்க, அரை மணி நேர ஓட்டத்தில் இறங்கிய பேட்டரி நிரம்பாது. தட்டு வெளியே தெரிகிற அளவு குறைந்திருந்தால் மூழ்கும் வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்க. ஆசிட் கூடாது, ஆர்ஓ தண்ணியும் கூடாது. பிறகு சார்ஜரில் 3.5 ஆம்பியரில் 10-12 மணி நேரம், காற்றோட்டமான இடத்தில் (ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்). முடிந்ததும் குறி வரைக்கும் தண்ணி நிரப்பலாம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி 12 மணி நேரம் சும்மா விட்டு அளங்க. 12.6 நின்றால் நம்பிக்கை உண்டு.

பிறகு ஆறு செல்லிலும் தனித்தனியாக ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) எடுங்க. நிரம்பிய செல் 1.250-1.280. ஆறும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் இன்னும் சார்ஜ் கேட்கிறது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே என்றால் அந்தச் செல் போச்சு. மேஜிக் ஐ (சில பேட்டரிகளின் மேலே சார்ஜ் காட்டும் வட்டக் கண்) பச்சையாக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீங்க, அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது.

ப்யூஸ்_பாக்ஸ்
கரண்ட் கசிவு பார்க்க: நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே போடுங்க. கதவைப் பூட்டிச் சாவியைத் தள்ளி வைத்து 30 நிமிஷம் காத்திருங்க, கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் வேண்டும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் ப்யூஸ் போய்விடும்.

0.05 ஆம்பியர் வரை பரவாயில்லை. 0.3 ஓடினால் ஒரு நாளைக்கு 7.2 ஏஎச், இரண்டரை நாளில் உங்கள் பேட்டரியில் பாதி காலி. டேஷ்கேம், வெளியில் போட்ட ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர் இவற்றை முதலில் சந்தேகப்படுங்க.

கோவை_பெட்ரோல்
நன்றி. எல்லாம் பார்த்தாச்சு. கசிவு 0.03. க்ளாம்பில் 0.04 வோல்ட். முழு சார்ஜுக்குப் பிறகு 12 மணி நேரத்தில் 12.43. கிராவிட்டி ஐந்து செல்லில் 1.250, பாசிட்டிவ் பக்கத்திலிருந்து நாலாவது மட்டும் 1.140. செல்ஃபில் 8.8 வரை விழுகிறது.

கிராவிட்டி_1265
நாலாவது செல் போய்விட்டது. கணக்கும் ஒத்துவருகிறது: ஒரு செல்லின் வோல்ட் ஏறத்தாழ கிராவிட்டியோடு 0.84. ஐந்து செல் 2.09 வீதம் 10.45, நாலாவது 1.98, மொத்தம் 12.43.

இதை ஓட்டித் தள்ளாதீங்க. அந்தச் செல் முழுசாக ஷார்ட் ஆனால் பேட்டரி 10.5-க்கு வந்துவிடும். அப்போது ஆல்டர்னேட்டரின் 14.2 மிச்ச ஐந்து செல்லில் பிரியும், தலைக்கு 2.84 வோல்ட். கொதித்து, அழுகிய முட்டை வாடை வரும், ஆல்டர்னேட்டரும் சூடேறும். மாற்றுங்க.

செல்ஃப்_மோட்டார்
வாங்கும்போது மாடல் எண்ணின் கடைசியில் இருக்கும் 'எல்' மாறக் கூடாது. 'ஆர்' வாங்கினால் பாசிட்டிவ் மறுபக்கம் போய்விடும், கேபிள் எட்டாது. தயாரிப்புத் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்கணும். கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்க, 12.5-க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்க. வாரண்டி கார்டில் முழு மாற்று எத்தனை மாதம், விகிதக் கழிவு (ஓடிய காலத்தைப் பொறுத்துப் புதுசின் விலையில் தள்ளுபடி) எத்தனை மாதம் என்று தனித்தனியாகப் படிக்கணும், பெட்டியில் பெரிதாகப் போடுவது இரண்டின் கூட்டுத்தொகை.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பழையதைக் கடையிலேயே கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலை கேளுங்க. செல் செத்தாலும் உள்ளே இருக்கும் ஈயத்துக்குக் காசு உண்டு. மாட்டிய பிறகு ஒன்-டச் கண்ணாடி வேலை செய்யவில்லை என்றால், முழுசாக மேலே ஏற்றி சுவிட்சைச் சில நொடி அப்படியே பிடியுங்க, பெரும்பாலும் சரியாகிவிடும்.